இமைக்கும் மரம்

பஹாரின் வருவதாகச் சொன்ன எந்த நாளிலும் வரவில்லை.

நோன்பு பிறந்ததும் வருகிறேன் என்றான். பாதி நோன்பு கழியட்டும் என்றான். அப்புறம் கைப்பேசியை எடுப்பதையே விட்டுவிட்டான். பேராக் ஆற்றுக்கு அக்கரையில், தெப்புஸ் கிராமத்துச் சுஹானாவை இரண்டாவது நிக்காஹ் செய்துகொண்ட புதிதில், வாரத்தில் பாதி இங்கே பாதி அங்கே என்றுதான் ஆரம்பித்தான். இப்போது அவன் சட்டைகள்கூட அக்கரைக் கொடியில்தான் காய்கின்றன.

முதல் மனைவி ஸைத்தூன் எதிர்பார்ப்பதை எப்போதோ நிறுத்திவிட்டாள். பன்னிரண்டு வயது மகள் கமேலியாதான் நிறுத்தவில்லை. அவளுக்கு அப்பா அபா, அம்மா மாக்.

"அபா வந்துடுவாரு மாக். பாஞ்சுட்டை விட்டுட்டு அபாவால இருக்க முடியாது."

அது உண்மைதான். இருபத்தேழாம் இரவுக்கு ஆற்றின் இரு கரையிலும் ஊருக்கு ஊர் மூங்கில் சாரம் கட்டி, மண்ணெண்ணெய் விளக்குகளை வரிசையாக ஏற்றி, வெளிச்சத்தாலேயே ஒரு உருவம் எழுப்புவார்கள். அதுதான் பாஞ்சுட். எந்த ஊருடையது சிறந்தது என்று நடுவர்கள் படகில் வந்து பார்ப்பார்கள். மற்ற ஊர்கள் மசூதி கட்டும், பிறை கட்டும். இவர்களுடைய ரெங்காஸ் கிராமத்தில் மட்டும் பஹாரினும் மகளும் சேர்ந்து ஒரு வருடம் இருவாச்சிப் பறவை கட்டினார்கள், ஒரு வருடம் காட்டுப் பூ. ஸைத்தூனுக்கு அதில் வேலை கிடையாது. நோன்பு திறக்கக் கஞ்சி கொடுத்தனுப்புவதோடு சரி.

இந்த வருடம் மூங்கில் வெட்டும் நாள் வந்தது. பஹாரின் வரவில்லை. கமேலியா யாரிடமும் சொல்லாமல் வெட்டுக்கத்தியை எடுத்துக்கொண்டு மூங்கில் புதருக்குப் போய்விட்டாள். விஷயம் தெரிந்து ஓடிப்போன ஸைத்தூன், மகள் உள்ளங்கையில் ரத்தத்தோடு நிற்பதைப் பார்த்தாள். திட்ட வாயெடுத்தவள் திட்டவில்லை. கத்தியை வாங்கி, தானே வெட்ட ஆரம்பித்தாள்.

அன்றிலிருந்து தாயும் மகளும்தான் கட்டுகிறார்கள். இன்று சாயங்காலம் ஏற்ற வேண்டும்.

"மாக், அந்த டின் தலைகீழா இருக்கு."

"டின்னுக்கு ஏதுடி தலையும் காலும்?"

"இருக்கு. வெட்டுன பக்கம் கீழ வரணும். இப்படியே விட்டா உன் கிளை மட்டும் ராத்திரி பூரா அரைக்கண்ணு மூடிக்கிட்டு நிக்கும்."

"நிக்கட்டும். விடியக்காலையில சஹர் சமைக்க எழுந்த மின்மினிப் பூச்சி போலன்னு நினைச்சுக்குவாங்க."

கமேலியா சிரித்தாள். சிரிக்கும்போது அப்படியே பஹாரின். ஸைத்தூன் கம்பியை முறுக்குவதில் கவனமாக இருப்பதுபோல் குனிந்துகொண்டாள்.

சாரத்தின் மேல் உட்கார்ந்திருந்த பாக் தர்மிஸி குரல் கொடுத்தார். ஊர்ப் பாஞ்சுட் குழுவுக்கு அவர்தான் பொறுப்பு. "கக் தூன், உங்க கிளையை மட்டும் நான் ரெண்டாவது தடவை அவிழ்த்துக் கட்டுறேன். மூணாவது தடவைன்னா எனக்கு நோன்பு முறிஞ்சிடும்."

"அவிழ்க்காதீங்க பாக் மிஸி. என் கிளையை நடுவருங்க ஞாபகம் வச்சுக்கட்டும்."

அவர்கள் கட்டியிருந்தது ஒரு பெரம்பாங் மரம். ஆறு கடலைத் தொடும் சேற்று நிலத்தில் வளரும் மரம். இருட்டினதும் மின்மினிகள் அதில்தான் வந்து அடையும். இரண்டு வருடத்துக்கு முன் பஹாரின் மகளைப் படகில் கூட்டிப்போய்க் காட்டினான். ஆயிரம் பூச்சி ஒரே நேரத்தில் எரிந்து ஒரே நேரத்தில் அணைவதைப் பார்த்துவிட்டு, கமேலியா தானும் சேர்ந்து இமைத்துப் பார்த்தாளாம். அப்புறம், "அபா, அதுங்க தன்னால இமைக்கல. ஒண்ணைப் பார்த்து ஒண்ணு இமைக்குது" என்றாளாம்.

எண்ணெய் விளக்கை எப்படி இமைக்க வைப்பது? அந்தக் கேள்வியோடு ஒரு வருடம் அலைந்து, வழி கண்டுபிடித்தது கமேலியாதான். பால் டின்னைப் பாதியாக வெட்டி, கறுப்பு அடித்து, ஒவ்வொரு விளக்குக்கு முன்னாலும் கம்பியில் தொங்கவிட வேண்டும். எல்லாக் கம்பியும் ஒரே கயிற்றில் சேரும். கயிற்றை இழுத்தால் டின்கள் மேலே ஏறும், மரம் முழுக்க வெளிச்சம். விட்டால் டின்கள் இறங்கும், மரம் முழுக்க இருட்டு.

"யார்கிட்டயும் சொல்லாத. மாக்குக்கும் சொல்லாத. அடுத்த வருஷம் கட்டுவோம். இது நம்ம ரெண்டு பேர் மரம்" என்று பஹாரின் சொல்லியிருந்தான். அவள் சொல்லவில்லை. இந்த மாதம் வேறு வழியில்லாமல்தான் அம்மாவிடம் வாய் திறந்தாள்.

மதியத் தொழுகைக்கு அப்புறம்தான் சிக்கல் வந்தது. மண்ணெண்ணெய் போதவில்லை. ரெங்காஸ் கடையில் ஒரு சொட்டு கிடையாது. அக்கரைக் கடையில் இருக்கிறது.

"நான் போறேன்" என்று கமேலியா சட்டென்று எழுந்தாள். ஏன் அந்த அவசரம் என்று ஸைத்தூனுக்குத் தெரியும். போகிற வழியில் அபாவைப் பார்த்து, கையோடு இழுத்து வந்துவிடலாம் என்று நினைப்பு.

"நீ டின்னைப் பாரு. நான் போயிட்டு வரேன்."

"நீயா? அங்கயா?"

"ஏன், என்னைக் கடிச்சா திங்கப் போறாங்க? அதுவும் நோன்புல?"

அந்த நிக்காஹுக்குப் பிறகு ஸைத்தூன் ஆற்றைத் தாண்டியதே இல்லை. அக்கரை நோன்புச் சந்தையில் வருடா வருடம் அவள் போடும் பலகாரக் கடையைக்கூட இந்த வருடம் பக்கத்து வீட்டுக்காரியிடம் கொடுத்துவிட்டாள். படகில் உட்கார்ந்து, காலி டின்களை மடியில் வைத்துக்கொண்டு, சுஹானா எதிரே வந்தால் என்ன பேசுவது என்று யோசித்தபடியே போனாள். பெருநாள் வாழ்த்து சொல்லிவிட்டு நடந்துவிடலாம். அதற்கு மேல் முடியாது.

சுஹானா எதிரே வரவில்லை. மரம்தான் வந்தது.

படித்துறை ஏறினதும் சூராவ் என்ற சிறு தொழுகைக்கூடத்துக்குப் பக்கத்துத் திடலில் அது நின்றது. பெரிய மரம். ரெங்காஸ் மரத்தைவிட உயரம். மூங்கிலைப் பிளந்து வளைத்த அதே கிளைகள். இடது பக்கம் தண்ணீரைத் தொடுவதுபோல் தாழ்ந்திருக்கும் அதே கிளை. கமேலியா தரையில் குச்சியால் வரைந்து காட்டிய அதே கிளை. ஒவ்வொரு விளக்குக்கு முன்னாலும் கறுப்பு அடித்த பாதி டின்.

அடியில் ஒரு சின்னப் பெண், ஏழு வயது இருக்கும், முன்பல் இல்லை. ஒரு கயிற்றை இரண்டு கையாலும் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள். டின்கள் கலகலவென்று மேலே ஏறின. விட்டாள். இறங்கின.

"மெதுவா, பல்கிஸ். எண்ணிக்கிட்டே விடு. ஒண்ணு, ரெண்டு..."

குரலுக்கு உடையவன் மரத்துக்குப் பின்னாலிருந்து வந்தான். ஸைத்தூனைப் பார்த்ததும் அவன் கையிலிருந்த சுத்தியல் அப்படியே நின்றது.

"தூன்."

"மண்ணெண்ணெய் வாங்க வந்தேன்."

"கமேலியா எப்படி இருக்கா?"

"நீங்க வருவீங்கன்னு இருக்கா."

பஹாரின் அந்தச் சின்னப் பெண்ணைத் திரும்பிப் பார்த்தான். "பல்கிஸ், வீட்டுல போய் மாக்கிட்ட ஆணி டப்பா வாங்கிட்டு வா." அவள் ஓடும்வரை காத்திருந்தான்.

"இதை எப்படிங்க செய்ய மனசு வந்துச்சு?" என்றாள் ஸைத்தூன். அவள் கத்தவில்லை. கத்தினால் நன்றாக இருக்கும் என்று தோன்றியது. முடியவில்லை.

"கிளை நான் வளைச்சதுதானே தூன். என் கைவேலைதானே."

"கிளை உங்களது. இமைக்கிறது யாரோடது?"

அவன் மேலே டின்களைப் பார்த்தான்.

"சொல்லுங்க அபாங். அவ எங்கிட்டகூட ஒரு வருஷம் வாயைத் திறக்கல. அபா சொல்லக் கூடாதுன்னு சொன்னாருன்னு பூட்டி வச்சிருந்தா. நீங்க அதைக் கொண்டுவந்து திடல்ல நட்டு வச்சிருக்கீங்க."

பஹாரின் சுத்தியலைக் கீழே வைத்தான். அவன் தாடியில் புதிதாக நரை இருந்தது. அதைக் கவனித்ததற்காக ஸைத்தூனுக்குத் தன் மேலேயே கோபம் வந்தது.

"சுஹானாவோட பொண்ணு என்னோட பேசவே மாட்டா தூன். அவ அப்பன் செத்து ரெண்டு வருஷம். நான் வீட்டுக்குள்ள வந்தா எழுந்து வெளிய போயிடுவா. சோறு போட்டா தட்டைத் தள்ளிடுவா. என்னென்னமோ செஞ்சு பார்த்தேன். ஒரு நாள் ஒரே ஒரு டின்னை வெட்டி, ஒரே ஒரு விளக்கை வச்சு, இழுத்துக் காட்டினேன். சிரிச்சா. அன்னிக்குத்தான் முதல் தடவையா அபான்னு கூப்பிட்டா." அவன் முகத்தைத் துடைத்தான். "எனக்கு வேற எதுவும் தெரியாது. பிள்ளைங்களோட இருக்க எனக்குத் தெரிஞ்சது அது ஒண்ணுதான்."

ஸைத்தூன் அவனைப் பார்த்தபடி நின்றாள். இவன் கெட்டவனாக இருந்தால் எவ்வளவு சுலபமாக இருக்கும்!

"சரி. மரத்தைப் பிரிங்கன்னு சொல்லல. ஊரே சேர்ந்து கட்டியிருக்கு. இமைக்க மட்டும் விடாதீங்க. கயிறை இழுத்துக் கட்டிடுங்க. மரம் சும்மா எரியட்டும். எம்பொண்ணு பார்த்தாலும், மரம்தானேன்னு மனசைத் தேத்திக்குவா."

"பல்கிஸ் ஒரு வாரமா இழுத்துப் பழகியிருக்கா."

"கமேலியா ரெண்டு வருஷமா காத்துக்கிட்டு இருக்கா."

கயிற்றின் முனையைக் கையில் எடுத்தவன், "கட்டிடறேன்" என்றான். அவள் திரும்பி நடக்கும்போது கூப்பிட்டான். "தூன். பெருநாள் முடியட்டும். நாம உட்கார்ந்து பேசணும்."

எதைப் பற்றி என்று அவள் கேட்கவில்லை. கால் மட்டும் படித்துறையில் ஒரு முறை தடுக்கியது.

திரும்பி வந்தபோது கமேலியா துறையிலேயே நின்றிருந்தாள். நோன்பில் உதடு காய்ந்திருந்தது.

"அபாவைப் பார்த்தியா?"

"கடைக்குத்தானே போனேன்."

"வழியிலகூடப் பார்க்கலையா?"

"எண்ணெய் கனக்குதுடி. பிடி."

சொல்லிவிடலாம் என்று விளக்குகளுக்கு எண்ணெய் ஊற்றும்போது நினைத்தாள். திரி வைக்கும்போது நினைத்தாள். பக்கத்தில் கமேலியா ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டு, ஒவ்வொரு டின்னையும் விரலால் தட்டிச் சரிபார்த்துக்கொண்டிருந்தாள். இந்த முகத்தைப் பார்த்து எந்த வார்த்தையில் ஆரம்பிப்பது? அவன் கட்டிவிடுகிறேன் என்றானே. கட்டிவிட்டால் சொல்லவே வேண்டாமே.

பாங்கு ஒலித்தது. பேரீச்சம்பழத்தைக் கடித்து நோன்பு திறந்தார்கள். பாக் தர்மிஸி ஒரு மிடறு கஞ்சியோடு எழுந்து, மக்ரிப் தொழுதுவிட்டு, தீப்பந்தத்தோடு சாரத்தில் ஏறினார். கீழ்க்கிளைகளை ஸைத்தூனும் கமேலியாவும் ஏற்றினார்கள்.

இருள் கூடக்கூட மரம் தெளிந்தது. கமேலியா கயிற்றின் முனையைக் கையில் சுற்றிக்கொண்டாள். இழுத்தாள்.

ரெங்காஸ் கிராமமே "ஆ" என்றது.

விட்டாள். மரம் காணாமல் போயிற்று. இழுத்தாள். வந்தது. ஸைத்தூன் கட்டிய அந்த ஒரு கிளை மட்டும் கொஞ்சம் தாமதமாகக் கண்ணைத் திறந்தது. "பார்த்தியா, உன் பூச்சி!" என்று கமேலியா சிரித்தாள். ஸைத்தூனும் சிரித்தாள். பல மாதத்துக்குப் பிறகு வயிற்றிலிருந்து வந்த சிரிப்பு அது.

அப்போது யாரோ, "அங்க பாருங்க" என்றார்கள்.

அக்கரையில் ஒரு மரம் எரிந்துகொண்டிருந்தது.

கமேலியாவின் கை நின்றது. அக்கரை மரம் அசையாமல் எரிந்தது. தாழ்ந்த கிளை தண்ணீரில் தெரிந்தது. கட்டிவிட்டான், கட்டிவிட்டான் என்று அவள் உள்ளுக்குள் சொல்லிக்கொண்டாள்.

"பெரம்பாங்" என்றாள் கமேலியா. "அபா கட்டினது."

"எப்படிடி தெரியும்?"

"அந்தக் கிளை." அப்புறம் பெரிய மனுஷி மாதிரி தலையை ஆட்டினாள். "பரவாயில்ல மாக். மரம்தானே. மரம் யார் வேணா கட்டலாம். இமைக்கல பாரு. அதை அபா யாருக்கும் சொல்லல. அது நம்மளோடதுன்னு விட்டுட்டாரு."

ஸைத்தூன் மகளின் தோளில் கை வைத்தாள். அந்தத் தோள் மெல்ல இளகுவதை உணர்ந்தாள்.

அக்கரை மரம் அணைந்தது.

எரிந்தது. அணைந்தது. எரிந்தது.

தோள் மறுபடி இறுகியது.

பாக் தர்மிஸி சாரத்தின் மேலேயே உட்கார்ந்துவிட்டார். கமேலியா அக்கரையைப் பார்த்தபடியே கேட்டாள்.

"உனக்குத் தெரியுமா?"

பொய் சொல்ல முடியவில்லை. "மத்தியானம் பார்த்தேன்."

"ஏன் சொல்லல?"

"கயிறைக் கட்டிடறேன்னு சொன்னாரும்மா. நம்பிட்டேன்."

"நீயும் நம்பினியா?" என்றாள் கமேலியா. அதில் கோபம் இல்லை. தன்னோடு அதே பெஞ்சில் உட்கார வந்த இன்னொருத்தியைப் பார்ப்பதுபோல் பார்த்தாள்.

பிறகு கமேலியா ஒரு காரியம் செய்தாள். கயிற்றை மறுபடி கையில் சுற்றி, அக்கரை மரத்தைக் கொஞ்ச நேரம் கவனித்தாள். அது எரியும்போது இழுத்தாள். அது அணையும்போது விட்டாள். இரண்டு மூன்று முறை தவறி, அப்புறம் பிடிபட்டது. ஆற்றின் இரு கரையிலும் இரண்டு மரமும் ஒரே நேரத்தில் எரிந்தன, ஒரே நேரத்தில் அணைந்தன. கூட்டத்தில் குழந்தைகள் கைதட்டின.

"இப்ப பாரு மாக்" என்றாள். "நாங்க பேசி வச்சிருந்தோம். நடுவுல ஒரு தடவை, நான் கயிறை விட்டுட்டு இழுக்க மாட்டேன். நீளமா இருட்டு. அபாவும் நிறுத்தணும். அப்புறம் ரெண்டு பேரும் சேர்ந்து ஆரம்பிக்கணும். ஒரே மரத்துல ரெண்டு கயிறு போடலாம்னு இருந்தோம். அதுக்கு. அபாவுக்குத் தெரியும். பார்த்தா நிறுத்திடுவாரு."

விட்டாள். ரெங்காஸ் மரம் இருண்டது.

அவள் இழுக்கவில்லை. காத்திருந்தாள்.

அக்கரை மரம் எரிந்தது. அணைந்தது. மறுபடி எரிந்தது. அணைந்தது. தன் பாட்டுக்கு, தன் கணக்கில், நிற்காமல்.

ஊர் முழுக்க இருட்டில் நின்றது. "என்னாச்சு?" என்று பின்னாலிருந்து யாரோ கேட்டார்கள். யாரோ அடக்கினார்கள். கமேலியா இன்னும் காத்திருந்தாள். ஸைத்தூன் வாழ்க்கையில் இப்படி வேண்டிக்கொண்டதில்லை. தனக்காக வேண்டியதில்லை. அவன் நிக்காஹ் செய்த அன்றுகூட வேண்டியதில்லை. ஒரே ஒரு தடவை நிறுத்து. ஒரே ஒரு தடவை.

அது நிற்கவில்லை.

"அபா கயிறு பிடிக்கல" என்றாள் கமேலியா மெதுவாக. "வேற யாரோ பிடிச்சிருக்காங்க. சின்னக் கை. இழுக்கிறது தெரியுது, கொஞ்சம் கொஞ்சமா ஏறுது."

"அவளுக்கு ஏழு வயசு" என்றாள் ஸைத்தூன். சொல்லிவிட்டு, ஏன் சொன்னோம் என்று நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"பேரு?"

"பல்கிஸ்."

கமேலியா அந்தப் பெயரை வாய்க்குள் ஒரு முறை சொல்லிப் பார்த்தாள்.

ஆற்றில் நடுவர்களின் படகு வளைவு திரும்பியது. "கமேலியா! இழு புள்ள! வந்துட்டாங்க!" என்று பாக் தர்மிஸி மேலிருந்து கத்தினார்.

கமேலியா கையில் சுற்றியிருந்த கயிற்றைப் பிரித்தாள். மூங்கில் வெட்டிய பழைய காயத்தின் மேல் கயிறு சிவப்பாகப் பதிந்திருந்தது. முனையை அம்மாவின் கையில் வைத்தாள்.

"நீ இழு மாக். எனக்குக் கை வலிக்குது."

"நான் எப்படிடி..."

"ஒண்ணு, ரெண்டு, மூணு. விடு. அவ்வளவுதான். ஒண்ணும் பெரிய வித்தை இல்ல."

ஸைத்தூன் இழுத்தாள். மரம் எரிந்தது. நடுவர்களின் படகு நின்று, விசாரித்து, பாராட்டி, குறித்துக்கொண்டு, அக்கரைப் பக்கம் திரும்பியது. அவர்கள் என்ன சொன்னார்கள் என்று அவள் காதில் விழவில்லை. இழுத்தாள், விட்டாள். கண்ணீர் கன்னத்தில் வழிந்தது. துடைக்கக் கை இல்லை. ஒவ்வொரு முறை மரம் எரியும்போதும், சாரத்தின் அடியில் பாய் விரித்துச் சுருண்டு கிடக்கும் மகளின் முதுகு தெரிந்தது. அணையும்போது மறைந்தது.

ஊர் மெல்லத் தராவீஹ் தொழுகைக்குக் கலையத் தொடங்கியது. அப்போதுதான் மோட்டார் சத்தம் கேட்டது.

அக்கரையிலிருந்து ஒரு படகு நேராக இந்தப் பக்கம் வந்துகொண்டிருந்தது. முனையில் ஒரு விளக்கு. அதன் பின்னால் ஒருவன் நின்றுகொண்டிருந்தான். உட்காரக்கூடப் பொறுமை இல்லாதவன்போல. அவன் பக்கத்தில், அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு சின்ன உருவம்.

ஸைத்தூன் கயிற்றை விட்டாள். "கமேலியா. எழுந்திரு. அபா வராரு."

கமேலியா எழவில்லை. திரும்பவும் இல்லை. இருட்டிலிருந்து அவள் குரல் மட்டும் வந்தது.

"நான் தூங்கிட்டேன்னு சொல்லிடு."